டாலரில் கடன் வாங்கி சர்வதேசப் பொருளாதாரம் படிக்கலாமா?

கடிதம் எழுதியவருக்கு 28 வயது. வணிகவியல் பட்டம் முடித்து, ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறார். இறக்குமதியாளர்களின் எல்சி (சரக்குக்கு வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்), வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பங்கள், அன்றன்றைய ரேட் என்றே பொழுது போகிறது. அந்த ரேட் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, மத்திய வங்கி எப்போது உள்ளே வருகிறது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு நாடு திடீரென்று டாலர் இல்லாமல் எப்படித் திண்டாடிப் போகிறது என்ற கேள்விகள் அவரை விடவில்லை. சர்வதேசப் பேரியல் பொருளாதாரமும் பொருளாதாரக் கொள்கையும் படிப்பது என்று முடிவு செய்து விண்ணப்பித்தார். வெளிநாட்டில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது.

ஒன்று, பெயர்பெற்ற இடத்தில் ஓராண்டுக் கொள்கைப் படிப்பு. கணிதம் குறைவு; கட்டணத்தை முழுதாகக் கட்ட வேண்டும். இன்னொன்று, அவ்வளவாகப் பெயர் தெரியாத இடத்தில் இரண்டாண்டுப் பொருளாதார முதுகலை. பாதிக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் வகுப்பு தொடங்குமுன் ஒரு கணிதத் தேர்வில் தேற வேண்டும். இவரோ பள்ளியோடு கணக்கை விட்டவர். "நான் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை, கொள்கை வகுக்கும் இடத்துக்குத்தான் போக ஆசைப்படுகிறேன். எனக்கு எதற்கு இவ்வளவு கணக்கு?" என்று கேட்கிறார். கல்விக் கடனை டாலரில் வாங்கினால் உள்ளூர் வங்கியைவிட வட்டி மூன்று சதவீதப் புள்ளி குறைவு. பத்து வருடத் தவணை. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டுவிட்டார். நிரந்தர வேலையை விடுவதில் அம்மாவுக்கு உடன்பாடில்லை. சர்வதேச நாணய நிதியத்தில் வேலை பார்ப்பது நெடுநாள் கனவு. பல்கலைக்கழகங்களுக்குப் பதில் சொல்ல ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் எந்த நாட்டை வைத்துப் படிக்கத் தொடங்கலாம் என்பது கடிதத்தின் கடைசிக் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன். படியுங்கள். இரண்டாண்டுப் படிப்பையே தேர்ந்தெடுங்கள். டாலர் கடனை மட்டும் இப்போதுள்ள வடிவில் வாங்காதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பற்றாக்குறை என்றால் நஷ்டம் இல்லை

"பற்றாக்குறையில் ஓடுகிற நாடு நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனி மாதிரிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்களும், பதவியில் இருப்பவர்களும்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். இந்தப் படிப்பின் முதல் வாரத்திலேயே உடைய வேண்டிய எண்ணம் இது. உடையாமல் போனால் அதற்கு மேல் கட்டுகிற எல்லாமே கோணலாகத்தான் நிற்கும்.

ஒரு நாட்டின் நடப்புக் கணக்கு நிலுவை (ஏற்றுமதி, இறக்குமதி உள்ளிட்ட வெளிநாட்டு வரவு செலவின் மீதி) என்பது அந்த நாட்டின் மொத்தச் சேமிப்பிலிருந்து மொத்த முதலீட்டைக் கழித்தால் வருவது. இது ஒரு கோட்பாடுகூட இல்லை, கணக்கியல் உண்மை. உள்ளே சேமித்ததைவிட அதிகமாக முதலீடு செய்தால் மீதி வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த வரவுதான் பற்றாக்குறையாகத் தெரிகிறது. ஆகவே பற்றாக்குறையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது இவைதான்: வந்த பணம் எதில் போனது? எந்த வடிவில் வந்தது? எந்த நாணயத்தில், எத்தனை காலத்தில் திருப்பித் தர வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு நாட்டுக்கு இன்று வருமானம் 80, நாளை 120. வட்டி இப்போதைக்குப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளும் ஒரே சீராக வாழ விரும்பினால் நாளொன்றுக்கு 100 செலவு செய்யலாம். இன்று 20 பற்றாக்குறை, நாளை 20 உபரி. யாருக்கும் நஷ்டம் இல்லை. 1970களில் வட கடலில் எண்ணெய் எடுக்க முதலீட்டைக் கொட்டிய நார்வே அந்த ஆண்டுகளில் பெரும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையில் இருந்தது. எண்ணெய் வரத் தொடங்கிய பிறகு அதே நாடு கடனை அடைத்து, பெரிய உபரி நாடாக மாறியது. நம் 80, 120 கணக்கு கிட்டத்தட்ட அப்படியே நடந்த கதை இது.

இதற்கு எதிர்ப்பக்கமாக, உபரி எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். தாய்லாந்து 1995, 1996 ஆண்டுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதம் அளவுக்கு நடப்புக் கணக்குப் பற்றாக்குறையில் இருந்தது. 1998-ல் அது பெரும் உபரியாகப் புரண்டது. ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்ததால் வந்த உபரி அல்ல அது. இறக்குமதி செய்யப் பணமில்லாமல், முதலீடு நின்று, ஆட்கள் வேலையிழந்து, வாங்கும் சக்தி சரிந்து வந்த உபரி. அட்டவணையில் கூட்டல் குறியோடு நிற்கும் அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வாழ்க்கை இருந்தது என்பதைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பு. உங்களுக்கு அந்த அக்கறை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ரேட்டைக் கணிக்கப் போகிறீர்களா?

"படித்து முடித்தால் ரேட் எங்கே போகும் என்று சொல்லிவிடலாம்" என்ற எதிர்பார்ப்பும் உங்களிடம் இருக்கிறது. அதை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். 1983-ல் ரிச்சர்ட் மீஸ், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அன்றைக்கு இருந்த முக்கியமான மாற்று விகித மாதிரிகளை (ரேட் எப்படி நகரும் என்று சொல்லும் சமன்பாடுகளை) எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குட்பட்ட கணிப்புகளில், "நாளைக்கும் இன்றைய ரேட்தான்" என்று சொல்லும் வெற்றுக் கணிப்பைவிட அவற்றில் எதுவும் மேலாக நிற்கவில்லை. அதன் பிறகு ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன. குறுகிய காலத்துக்கு அந்த முடிவை அசைப்பது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் இந்தப் படிப்பு என்னதான் சொல்லித்தரும்? எது முடியாது என்பதைச் சொல்லித்தரும். கொள்கை வகுப்பவருக்கு அது பெரிய அறிவு. நிலையான மாற்று விகிதம், தடையில்லாத மூலதனப் போக்குவரத்து (முதலீட்டுப் பணம் எல்லை தாண்டி விருப்பம்போல் போய்வருவது), சொந்த வட்டிக் கொள்கை ஆகிய மூன்றையும் ஒரு நாடு ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியாது, இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ராபர்ட் மண்டெல், மார்கஸ் ஃபிளெமிங் இருவரும் 1960களின் தொடக்கத்தில் செய்த வேலையிலிருந்து வந்த முடிவு இது. 1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டன் இந்தச் சுவரில் மோதியது. ஐரோப்பிய நாணயங்களின் ரேட்டை ஒன்றுக்கொன்று குறுகிய எல்லைக்குள் வைத்திருந்த மாற்று விகித ஏற்பாட்டுக்குள் பவுண்டைப் பிடித்து வைக்க, ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12 சதவீதமாக உயர்த்தினார்கள், பிறகு 15 ஆக்குவதாக அறிவித்தார்கள். மந்தத்தில் கிடந்த பொருளாதாரத்தால் அந்த வட்டியைத் தாங்க முடியாது என்று சந்தைக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலையே பிரிட்டன் வெளியேறியது. எந்த நாளில் உடையும் என்று யாரும் மாதிரி போட்டுச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பிடிக்க முயன்றால் எங்கே விரிசல் விடும் என்பது முன்கூட்டியே தெரியும்.

கணக்கு எதற்கு?

மறுபடி 80, 120 கணக்குக்கு வருவோம். அதில் வட்டியைச் சேர்த்தால், எவ்வளவு கடன் வாங்குவது உகந்தது என்று கண்டுபிடிக்க வகைக்கெழு (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) வேண்டும். நாளைய வருமானம் 120 என்பது நிச்சயமில்லை, பாதி வாய்ப்பு 150, பாதி வாய்ப்பு 90 என்றால் நிகழ்தகவு வேண்டும். சராசரி அதே 120தான். ஆனாலும் எச்சரிக்கையுள்ள நாடு இன்று 20 கடன் வாங்காது, குறைவாகத்தான் வாங்கும். ஏன், எவ்வளவு குறைவாக என்பதை வாய்ப்பேச்சில் சொல்ல முடியாது. இரண்டு நாள் என்பதை இருபது, முப்பது ஆண்டு என்று நீட்டினால் காலப்போக்கில் உகந்த முடிவைத் தேடும் கணிதம் வேண்டும். நாடு கடனைத் திருப்பித் தராமல் போகலாம் என்ற சாத்தியத்தைச் சேர்த்தால் இன்னும் ஒரு படி. நீங்கள் பயப்படும் கணக்கெல்லாம் உங்களை விடாமல் துரத்தும் அதே கேள்விகளிலிருந்து பிறப்பதுதான்.

"கொள்கைக்குக் கணக்கு தேவையில்லை" என்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். 2010-க்குப் பிறகு ஐரோப்பாவில் பல நாடுகள் அரசுச் செலவை வெட்டின. செலவில் ஒன்றைக் குறைத்தால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்பதற்குப் பெருக்கி என்று பெயர். கணிப்புகளுக்குப் பின்னால் இருந்த பெருக்கி சுமார் 0.5. உண்மையில் அது 0.9-லிருந்து 1.7 வரை இருந்திருக்கலாம் என்று சர்வதேச நாணய நிதியமே 2012 அக்டோபர் அறிக்கையில் எழுதியது. நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷார், டேனியல் லீ என்பவரோடு சேர்ந்து 2013-ல் அதை விரிவான ஆய்வாகவே வெளியிட்டார். ஒரே ஓர் எண். அது தவறியதால் மந்தம் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதும் தவறியது. கொள்கை அறையில் உட்காரும் ஒருவர் "இந்த 0.5 எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்துத் தரவு, வட்டி ஏற்கனவே பூஜ்யத்தில் இருக்கும்போது இது பொருந்துமா?" என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்படிக் கேட்கக் கற்றுத்தரும் இடம் எதுவோ அதுதான் உங்களுக்கான இடம். பெயர் இரண்டாம்பட்சம்.

ஓராண்டுக் கொள்கைப் படிப்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். ஏற்கனவே நிதியமைச்சகத்திலோ மத்திய வங்கியிலோ இருந்துகொண்டு, பொருளாதாரத்தில் அடித்தளமும் உள்ள ஒருவருக்கு அது நல்ல ஏணி. உங்களுக்கு அடித்தளம் இன்னும் போடவில்லை. வணிகவியலில் வந்த பொருளாதாரத் தாள்கள் போதாது. அந்த ஓராண்டு முடிந்த பிறகும் மாதிரிகளை மற்றவர் சொல்லி நம்ப வேண்டிய நிலையில்தான் இருப்பீர்கள்.

கணிதத் தேர்வைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிட நிலைமை தேவலை. இப்படிப்பட்ட நுழைவுத் தேர்வுகளில் வழக்கமாகக் கேட்பது வகைநுண்கணிதம், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உச்சநிலை காண்பது, அணிகள், அடிப்படைப் புள்ளியியல். பாடத்திட்டத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். தினமும் வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து பாருங்கள். வேகமாக வருகிறதா என்று பார்க்காதீர்கள். ஒரு கணக்கு பிடிபடாதபோது அதனோடு மல்லுக்கட்டப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் மற்றதெல்லாம் காலப்போக்கில் வரும். சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். அப்போது இரண்டாண்டுப் படிப்பு உங்களை வாட்டிவிடும். ஓராண்டுப் படிப்பையோ வேறு வழியையோ யோசிக்கலாம்.

டாலர் கடன்

இனி, கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த இடம். "வட்டி மூன்று புள்ளி குறைவு, அதனால் டாலர் கடன்தான் மலிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். 1990களில் தாய்லாந்தின் நிறுவனங்கள் போட்ட அதே கணக்கு இது. பாட் என்ற அவர்கள் நாணயம் பத்து வருடத்துக்கு மேலாக டாலருக்குச் சுமார் 25 என்ற அளவிலேயே நின்றிருந்தது. உள்நாட்டில் வட்டி அதிகம், டாலரில் குறைவு. ரேட்தான் அசைவதில்லையே என்று டாலரில் வாங்கி, உள்நாட்டில் கட்டடம் கட்டினார்கள், கடன் கொடுத்தார்கள். அரசின் பட்ஜெட் அந்த ஆண்டுகளில் உபரியில்தான் இருந்தது. சிக்கல் தனியார் கடனில் இருந்தது. மத்திய வங்கியின் டாலர் கையிருப்பு வெளிப்பார்வைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அதில் பெரும் பகுதி, பின்னொரு தேதியில் டாலர் கொடுப்பதாக முன்கூட்டியே செய்த முன்பேர ஒப்பந்தங்களில் மாட்டிக்கொண்டிருந்தது. 1997 ஜூலை 2 அன்று பாட்டை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் விலையைச் சந்தையிடமே விட்டார்கள். 1998 ஜனவரியில் ஒரு டாலர் 50 பாட்டைத் தாண்டிவிட்டது. வருமானம் பாட்டில், கடன் டாலரில். கடன் ஒரே அரையாண்டில் இரட்டிப்பானது.

உங்கள் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படித்து முடித்துத் திரும்பி வந்து உள்நாட்டில் கொள்கை வகுக்கும் வேலைக்குப் போக விரும்புகிறீர்கள். அப்படியானால் சம்பளம் உள்நாட்டு நாணயத்தில், தவணை டாலரில். ஆண்டுக்கு 3 சதவீதம் என்ற மெதுவான வேகத்தில் டாலர் ஏறினாலே வட்டியில் மிச்சமானது அங்கே போய்விடும். பத்தாவது ஆண்டில் ஒவ்வொரு டாலருக்கும் இன்றைவிட 34 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பீர்கள். இது மெதுவாக நடந்தால். ஒரே ஆண்டில் டாலர் மூன்றில் ஒரு பங்கு ஏறினால், அந்த ஓர் ஏற்றத்தை ஈடுகட்ட, ஆண்டுக்கு மூன்று புள்ளி மிச்சம் என்ற கணக்கில் உங்களுக்குப் பதினோரு ஆண்டு ஆகும். கடன் தவணையே பத்து ஆண்டுதான்.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நாளைக் காலை உங்கள் வங்கியின் டீலரிடம் ஒரு வருட ஃபார்வர்டு ரேட் (ஒரு வருடம் கழித்து டாலர் வாங்க இன்றே பேசி முடிக்கும் விலை) என்ன என்று கேளுங்கள். அன்றைய ஸ்பாட் ரேட்டைவிட (உடனே வாங்கும் விலையைவிட) அது எத்தனை சதவீதம் அதிகம் என்று பாருங்கள். மூலதனம் தடையில்லாமல் போய்வரும் சந்தையாக இருந்தால் அந்தப் பிரீமியம், இரு நாணயங்களுக்கும் இடையே சந்தையில் உள்ள வட்டி வித்தியாசத்துக்கு மிக அருகில் இருக்கும். உங்களுக்குக் காட்டும் வட்டியில் கடன் கொடுப்பவரின் லாபமும் சேர்ந்திருப்பதால் மூன்று புள்ளியோடு அச்சுப் பிசகாமல் பொருந்தாது. ஆனால் விஷயம் விளங்கிவிடும்: நாணய அபாயத்திலிருந்து ஃபார்வர்டு போட்டுப் பாதுகாத்துக்கொண்டு வாங்கினால் டாலர் கடனின் மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும், பாதுகாக்காமல் வாங்கினால் அந்த மூன்று புள்ளி என்பது அபாயத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வதற்கான கூலி. வட்டிச் சமநிலை என்று பாடத்தில் வருவது இதுதான். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் இந்தச் சமநிலை சொல்லும் அளவுக்கு நாணயம் சரிவதில்லை. அப்போது டாலரில் வாங்கியவர் லாபத்தில்தான் இருப்பார். ஆனால் சரியும்போது மொத்தமாகச் சரிகிறது. எந்த ஆண்டில் என்று யாருக்கும் தெரியாது.

வட்டி நிலையானதா மாறுவதா என்று கடிதத்தில் இல்லை. மாறும் வட்டி என்றால் ஆபத்து இரட்டிப்பு. அமெரிக்க மத்திய வங்கி 2022 தொடக்கத்தில் பூஜ்யத்துக்கு அருகில் வைத்திருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை கொண்டுபோனது. 1980களின் தொடக்கத்தில் அவர்கள் 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தியபோது, மாறும் வட்டியில் டாலர் கடன் வாங்கியிருந்த மெக்சிகோ 1982 ஆகஸ்டில் கட்ட முடியாது என்று கைவிரித்தது. டாலர் வட்டி ஏறும் காலங்களில் பல நாணயங்கள் டாலருக்கு எதிராக இறங்குவதும் வழக்கம். இரண்டு அடியும் சேர்ந்தே விழும்.

டாலர் கடன் எப்போது சரி? படிப்பு முடிந்து சில ஆண்டுகளாவது டாலரில் சம்பாதிப்பது ஓரளவு உறுதியாக இருந்தால். உங்கள் திட்டத்தில் அது இல்லை. ஆகவே உள்ளூர் நாணயத்தில் கடனை வாங்குங்கள். அதிகமாகத் தெரியும் அந்த வட்டி, அப்பாவை ஒரு நாணய நெருக்கடியிலிருந்து காப்பதற்கான பிரீமியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கையெழுத்து என்பது சம்பிரதாயம் இல்லை. நீங்கள் கட்டத் தவறினால் முழுக் கடனுக்கும் அவர்தான் பொறுப்பு. எந்தக் கடனாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி அசலோடு சேருமா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா, ஜாமீன்தாரரை எந்தக் கட்டத்தில் விடுவிப்பார்கள். இவற்றைக் கேட்பதும், ஒப்பந்தத்தின் முழு நகலை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிப்பதும் உங்கள் உரிமை. அவசரப்படுத்துகிறவரிடம் கடன் வாங்க வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு கணக்கு. பாதிக் கட்டணச் சலுகை இருப்பதால் இரண்டாண்டுப் படிப்பு மலிவு என்று நினைக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், இரண்டு பாதி சேர்ந்து ஒரு முழுக் கட்டணம். அதன் மேல் ஓராண்டு வாழ்க்கைச் செலவும், ஓராண்டுச் சம்பள இழப்பும் கூடுதல். ஆக, மலிவு என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. செலவு கூடினாலும் அதுதான் சரி என்று சொல்கிறேன். சலுகை இரண்டு ஆண்டுக்கும் உண்டா, இரண்டாம் ஆண்டுக்கு மதிப்பெண் நிபந்தனை இருக்கிறதா என்று அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வேலையும் நிதியக் கனவும்

அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. ராஜினாமா கடிதம் எழுதுமுன், சம்பளமில்லாத கல்வி விடுப்பு உங்கள் வங்கியின் பணி விதிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்பி வந்து எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துப் படியுங்கள். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கும். ஆனால் இடத்தைத் தள்ளிவைத்தால் கட்டணச் சலுகையும் கூடவே வரும் என்று எண்ணிவிட வேண்டாம். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். அந்த ஓராண்டு கிடைத்தால் கணக்குக்கும் சேமிப்புக்கும் அது பெரிய உதவி.

சர்வதேச நாணய நிதியம் இளம் பொருளாதார அறிஞர்களை எடுக்கும் திட்டத்தில் சேர்பவர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்டம் முடித்தவர்கள் அல்லது முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள். முதுகலையோடு நேராக அங்கே போவது மிக அரிது. மத்திய வங்கியிலோ நிதியமைச்சகத்திலோ பல ஆண்டு வேலை பார்த்த பிறகு போகிறவர்களும் உண்டு. இரண்டு பாதைக்கும் இரண்டாண்டுப் படிப்புதான் கதவைத் திறந்து வைக்கும்.

உங்களிடம் ஏற்கனவே இருக்கும் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பணத்துக்கும் என்ன நோக்கம் என்று ஒரு குறியீடு போடுகிறீர்கள் அல்லவா? சரக்கு இறக்குமதி, கப்பல் வாடகை, வெளிநாட்டுப் படிப்பு, கடன் வட்டி, பங்கு முதலீடு என்று. பல நாடுகளில் மத்திய வங்கி, நாட்டின் செலுத்துநிலைக் கணக்கைத் (வெளிநாடுகளோடு நடக்கும் எல்லாப் பணப் பரிவர்த்தனைகளின் பதிவை) தொகுப்பதில் வங்கிகள் அனுப்பும் இந்த விவரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மேஜையில் தவறான குறியீடு விழுந்தால், நாட்டின் அட்டவணையில் ஒரு வரிசை கூடி இன்னொன்று குறையும், அல்லது "பிழைகளும் விடுபட்டவையும்" என்ற வரிசையில் போய் உட்காரும். வெறும் பாடப்புத்தகம் படித்து வருகிறவர்களுக்கு அந்த எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று தெரியாது. பல்கலைக்கழகத்துக்கும் பிறகு வேலைக்கும் எழுதும் கடிதங்களில் இதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

எந்த நாட்டில் தொடங்குவது

தாய்லாந்து, 1990 முதல் 1999 வரை. தேவையான எண்கள் நிதியத்தின் புள்ளிவிவரத் தளத்திலும் உலக வங்கியின் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கும். ஒரு தாளில் பத்து ஆண்டுகளை மேலே எழுதி, கீழே இந்த வரிசைகளை நிரப்புங்கள்: சரக்கு ஏற்றுமதி, இறக்குமதி, நடப்புக் கணக்கு நிலுவை, நேரடி அந்நிய முதலீடு, பங்கு மற்றும் கடன்பத்திர முதலீடு, வங்கிக் கடன் உள்ளிட்ட மற்ற முதலீடு, கையிருப்பில் மாற்றம், ஆண்டுச் சராசரி மாற்று விகிதம். கூட்டல் கழித்தல் குறிகளில் கவனமாக இருங்கள். வெளியிடும் முறையைப் பொறுத்துக் குறி மாறும், கையிருப்பு வரிசையில் குறிப்பாக. நடப்புக் கணக்கு நிலுவையிலிருந்து கையிருப்பில் மாற்றம் வரையுள்ள வரிசைகளைக் கூட்டிப் பாருங்கள் (சரக்கு ஏற்றுமதியும் இறக்குமதியும் நடப்புக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிட்டன). மீதி நிற்பது பெரும்பாலும் பிழைகளும் விடுபட்டவையும்தான்.

பிறகு 1996-க்கும் 1998-க்கும் இடையே எந்த வரிசை மிகப் பெரிதாகப் புரண்டது என்று தேடுங்கள். நேரடி முதலீடு வெளியேறியதா, மற்ற முதலீடு வெளியேறியதா? தொழிற்சாலையாக வந்த பணமும் குறுகிய காலக் கடனாக வந்த பணமும் ஒரே மாதிரி நடந்துகொண்டனவா? 1997 ஆகஸ்டில் நிதியம் கூட்டிய 17 பில்லியன் டாலர் அளவிலான உதவி அந்த ஓட்டைக்கு எவ்வளவு பெரியது? முதலில் அரசுச் செலவைக் குறைக்கச் சொன்ன நிதியம் பிறகு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. பட்ஜெட் உபரியில் இருந்த நாட்டுக்கு அந்த முதல் நிபந்தனை தேவைப்பட்டதா? உங்கள் பதிலை ஒரே ஒரு பக்கத்தில், அட்டவணையிலிருந்து எண்களை எடுத்துக்காட்டி எழுதுங்கள்.

மூன்று வாரக் கணிதமும் இந்த ஒரு பக்கமும் சேர்ந்தே நடக்கட்டும். நான்காவது வாரத்துக்குள் அந்தப் பக்கத்தையும், இரண்டு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தையும் இதே முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் கெடுவுக்கு முன்பாகப் படித்து, குறிப்புகளோடு திருப்பி அனுப்புகிறேன்.